தலையெழுத்துப் பாட்டு

(தொடக்கப் பள்ளி ஆசிரியர்களின் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



என்னைப் பேச அழைத்தவர்கள் விஷயத்தையும் குறித்தே கொடுத்துவிட்டார்கள். ஒரு சொல்லை மேலிருந்து கீழாக எழுதி, அதன் ஒவ்வோர் எழுத்தும் ஒவ்வோர் அடிக்கு முதலாக நிற்கும்படி பாடும் பாட்டைத் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு எவ்வாறு பயிற்றுவது, எழுதுவதற்கு முன் எவ்வாறு யோசிக்கச் செய்வது, எழுதியதை எவ்வாறு திருத்தச் செய்வது என்பதே அது. இதற்குத் தமிழில் ஒரு பெயர் வேண்டுமே என்று யோசித்தேன். "முதலெழுத்துச் செய்யுள்" என்றால் இலக்கணப் பரீட்சையின் வாசனை வீசுகிறது. அடியின் தலையில் நிற்கும் எழுத்து ஆகையால் "தலையெழுத்துப் பாட்டு" என்று வைத்துவிடலாம் என்று தோன்றிற்று. நம்மவர் நெற்றியில் பிரமன் எழுதுவதாகச் சொல்லும் தலையெழுத்தை அழித்து எழுத முடியாது. இந்தத் தலையெழுத்தையோ சிலேட்டில் எச்சில் தொட்டு அழித்து, நூறு முறை மாற்றி எழுதிக்கொள்ளலாம். அந்த ஒரு சௌகரியத்தை முன்னிட்டாவது இப்பெயரை நீங்கள் அங்கீகரிக்க வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன், ஒரு கிராமத்துப் பள்ளியில் நான்காம் வகுப்பைப் பார்வையிடும் சந்தர்ப்பம் எனக்குக் கிடைத்தது. அங்கிருந்த இளம் உபாத்தியாயர், ஆங்கிலப் புத்தகம் ஒன்றில் கண்ட முறையைப் பின்பற்றி, குழந்தைகள் எல்லோரையும் தத்தம் பெயரைச் சிலேட்டில் மேலிருந்து கீழாக எழுதச் சொல்லி, ஒவ்வோர் எழுத்துக்கும் எதிரே அவ்வெழுத்தில் தொடங்கும் ஒரு வரி எழுதும்படி பணித்திருந்தார். வகுப்பு முழுவதும் பலப்பம் உரசும் ஓசை சற்று நேரம் கேட்டது; பிறகு ஒவ்வொன்றாக ஓய்ந்தது. கடைசி வரிசையில் வள்ளி என்றொரு சிறுமி, முதல் எழுத்துக்கு ஏதோ ஒரு வரி எழுதிவிட்டு, இரண்டாம் எழுத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏன் அம்மா நிறுத்திவிட்டாய்?" என்று கேட்டேன். "ஐயா, என் தலையெழுத்து நல்லாத்தான் இருக்கு, அதுக்கு அடுத்த எழுத்துதான் சரியில்லை," என்றாள். வ, ள், ளி. அவள் சொன்னது முற்றிலும் உண்மை. தமிழில் ளகர ஒற்றில் தொடங்கும் சொல் ஏது? ளி என்று தொடங்கும் சொல்தான் ஏது? குழந்தையால் இயலாத காரியத்தை இயலாது என்று அவள் கண்டுகொண்டாள். அதை உபாத்தியாயர் கண்டுகொள்ளவில்லை. அவள் சிலேட்டுக்கு நான் பின்னால் திரும்பி வருகிறேன்.

இவ்வகைப் பாட்டு ஏதோ பள்ளிக்கூடத்து விளையாட்டு என்று அலட்சியம் செய்ய வேண்டியதில்லை. நுனி என்றும் செய்யுள் அடி என்றும் பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து மேல்நாட்டார் இதற்கு அக்ராஸ்டிக் என்று பெயரிட்டனர். எபிரெயர் இதைப் பக்தி மார்க்கத்துக்கே உரியதாக்கிக்கொண்டார்கள். விவிலியத்தின் 119-ஆம் சங்கீதத்தில் எபிரெய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளுக்கும் எழுத்துக்கு எட்டு வசனமாக, 176 வசனங்கள் அமைந்திருக்கின்றன. 145-ஆம் சங்கீதமும் அகர வரிசையில் செல்வதே. ஆயினும் வழிவழி வந்த எபிரெய மூலத்தில் நூன் என்னும் எழுத்துக்குரிய வசனம் மட்டும் அதில் இல்லை. வள்ளியைப் போலவே அங்கும் ஒருவர் ஓர் எழுத்தின்முன் திகைத்து நின்றாரோ, அல்லது ஏட்டைப் படி எடுத்தவர் ஒருவர் கண் அயர்ந்தாரோ, பண்டிதர்கள் வாதிக்கட்டும். ஆங்கிலத்தில் லூயிஸ் கரோல் 1871-இல் வெளியிட்ட ஆலிஸின் இரண்டாம் கதையை முடிக்கும் பாட்டின் 21 அடிகளின் முதலெழுத்துகளையும் கூட்டினால், யாரை மகிழ்விக்க அக்கதைகள் பிறந்தனவோ அந்தச் சிறுமியின் முழுப்பெயர் வந்துவிடும்.

நம் நாட்டில் இதற்குப் பஞ்சமா? தண்டியலங்காரம் சொல்லணியியலில் சித்திரகவியின் வகைகளை அடுக்கும்போது, ஒரு செய்யுளுக்குள் மற்றொரு செய்யுளை ஒளித்து வைக்கும் கரந்துறைச் செய்யுளையும் எண்ணுகிறது. எழுத்துகளைப் பாம்பின் உடல்போல் பின்னி வைக்கும் நாகபந்தமும் அதிலேயே உண்டு. ஸ்ரீரமண மகரிஷி அருளிய அருணாசல அக்ஷரமணமாலை 108 கண்ணிகளாக அகர வரிசையில் தொடுக்கப்பட்டது. அடியார்கள் அதைப் பாடிக்கொண்டு திருவண்ணாமலைத் தெருக்களில் பிக்ஷைக்குச் சென்றார்கள். பாட்டியல் நூலார் வருக்கமாலை என்றொரு பிரபந்தத்துக்கும் இலக்கணம் வகுத்தனர். அவ்விலக்கணத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது. அதுதான் இன்றைய என் பேச்சுக்கு மூலாதாரம். மொழிக்கு முதலாக வரும் எழுத்துகளுக்கே செய்யுள் சொல்ல வேண்டும் என்பது அந்நிபந்தனை.

ஆங்கிலக் குழந்தைக்கு இருப்பவை 26 எழுத்துகள். இரண்டொன்று சிரமம் கொடுக்குமே தவிர, எல்லா எழுத்திலும் சொல் தொடங்கும். ஆகையால் அங்கே உபாத்தியாயர் எந்தச் சொல்லையும் யோசனையின்றிக் கரும்பலகையில் நெடுக எழுதிவிடலாம். நம் நெடுங்கணக்கில் எழுத்துகள் 247. நன்னூலார் கணக்கின்படி அவற்றுள் மொழிக்கு முதலில் வருபவை 103 மட்டுமே. உயிர் பன்னிரண்டும் வரும். க, ச, த, ந, ப, ம என்னும் ஆறும் எல்லா உயிரோடும் கூடி வரும். வகரம் எட்டு உயிரோடும், யகரம் ஆறோடும், ஞகரம் நான்கோடும் வரும். ஙகரத்துக்கு ஒரே ஓர் இடம். புள்ளி பெற்ற எழுத்து எதுவும் வாசலைத் தாண்டி உள்ளே வராது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்னும் எட்டின் குடும்பங்களும் அப்படியே. பாதிக்கு மேற்பட்ட எழுத்துகளுக்குத் தலைமை வகிக்கும் யோக்கியதை இல்லாத ஒரு நெடுங்கணக்கில், எந்தச் சொல்லையும் நெடுக எழுதிக் குழந்தையின் தலையில் சுமத்துவது நியாயமாகாது.

இதன் விளைவைச் சிறிது பார்க்கலாம். மயில் என்ற சொல்லை எடுத்தால் முதல் எழுத்துக்கு மேல் அசையாது. கொசு என்ற சொல்லோ தடையின்றி ஓடும். தேசமெல்லாம் போற்றும் மயில் வாசலிலேயே தோகையைச் சுருட்டிக்கொண்டு நின்றுவிட, கொசு உள்ளே பறந்து போய் உட்கார்ந்துகொள்கிறது! மாடு தேறாது, பசு தேறும். பூனையும் கிளியும் நாயும் தேறா, ஆமை தேறும். மதுரை கடைசி எழுத்தில் இடறிவிழும், வைகை இடறாது. கதவு என்ற சொல் தேறும் என்றே நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். வுகரத்தில் தொடங்கும் சொல் இல்லை என்பது எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. இவையெல்லாம் போகட்டும். தமிழ் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். த வரும், மி வரும், ழ் வருமா? எந்த மொழியில் பாடுகிறோமோ அம்மொழியின் பெயரையே தலையெழுத்தாக வைத்துப் பாட முடியவில்லை என்றால், முறையில்தான் ஏதோ பிசகு இருக்க வேண்டும்.

அந்தப் பிசகுக்குப் பரிகாரத்தைத் தேடிப் பிற தேசம் போக வேண்டியதில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுதிப் பழகிய நாளிலேயே அதை நாம் மனப்பாடம் செய்திருக்கிறோம். மனப்பாடம் செய்த காரணத்தாலேயே அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டோம். ஔவையாரின் ஆத்திசூடியைத்தான் சொல்லுகிறேன். அதன் 109 அடிகளும் நெடுங்கணக்கைப் பின்பற்றிச் செல்பவை. உயிரெழுத்துகளில் பாட்டிக்குச் சங்கடமில்லை. ஆய்த எழுத்து வந்தது. அது சொல்லுக்கு முதலாகாது. என்ன செய்தார்? அகரத்தை முன்னே நிறுத்தி ஆய்தத்தை இரண்டாம் இடத்தில் உட்கார வைத்தார். பிறகு ககரம் முதலிய பதினெட்டும் கிரமமாக வருகின்றன. ஙகரத்துக்கு வந்தபோது அவ்வெழுத்தையே உவமைப் பொருளாக்கிக்கொண்டார். ட, ண, ய, ல, ள என்ற ஐந்துக்கும் இகரத்தை முன்னே வைத்தார். ர, ழ, ற, ன என்ற நான்குக்கும் அகரத்தை முன்னே வைத்தார். ஒன்பது இடங்களிலும் உரிய எழுத்து இரண்டாவதாக, ஆனால் காதில் தெளிவாக விழும்படி நிற்கிறது. யகரத்துக்கு அவர் இதைச் செய்திருக்க வேண்டிய அவசியம் இல்லை என்று ஓர் இலக்கணப் புலவர் சொல்லக்கூடும்; பாட்டியிடம் போய் அதை யார் சொல்வது? அதற்கு மேல் உயிர்மெய் வரிசைகளுக்கு வந்ததும், க, ச, த, ந, ப, ம, வ என்ற ஏழு வரிசைகளை மாத்திரம் எடுத்துக்கொண்டு, மற்றவற்றை மரியாதையாக விட்டுவிட்டார்.

எதை எடுப்பது, எதை விடுவது, விட முடியாததை எங்கே அமர்த்துவது என்ற மூன்று யோசனைகளும் இதில் அடங்கியிருக்கின்றன. எழுதுவதற்கு முன் செய்ய வேண்டிய திட்டம் என்று இன்று நாம் எதைச் சொல்கிறோமோ, அதன் சாரம் இதுவே. அடியின் தலையில் ஏறாத எழுத்துக்கு ஓர் உயிரைத் துணை கொடுத்து இரண்டாம் இடத்தில் ஏற்றிவிடுங்கள். நம் செவி இரண்டாம் எழுத்தை எதுகைக்காகக் காலங்காலமாகக் கவனித்துப் பழகிய செவி. ஆங்கிலக் காதுக்கு இரண்டாம் எழுத்து எங்கோ மறைந்து கிடப்பது. தமிழ்க் காதுக்கு அது சபையில் முன்வரிசை.

இனி வகுப்பறைக்குள் போகலாம்.

உபாத்தியாயர்கள் வழக்கமாகச் செய்யும் முதல் தவறு, சொல்லை முதலில் எழுதிவிடுவது. சொல் எழுதப்பட்டவுடன் குழந்தையின் கண் எழுத்தின்மேல் போய்விடுகிறது. பொருள்மேல் இருக்க வேண்டிய மனம் எழுத்துக்கு அடிமையாகிவிடுகிறது. கோலம் போடுகிறவள் புள்ளி வைப்பதற்கு முன்னே வாசலைத் தெளித்துப் பெருக்குகிறாள் அல்லவா? அதுபோல, எழுத்துகளைப் பற்றிய பேச்சே எடுக்காமல் முதலில் பொருளைப் பற்றிப் பேச விட வேண்டும். மதுரைப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் வைகையைப் பற்றிப் பாடுவதாக வைத்துக்கொள்வோம். "ஆற்றில் நீங்கள் என்ன கண்டீர்கள்?" என்று பொதுவாகக் கேட்டால், "தண்ணீர்" என்று ஒரே குரலில் பொய் சொல்வார்கள், வைகையில் பாதி வருஷம் தண்ணீர் ஏது? "போன வாரம் ஆற்றைத் தாண்டும்போது உன் காலுக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். மணல் சுட்டது என்பான் ஒருவன். கழுதை கத்தியது, துணி வெளுத்துக் காய்ந்தது, பாலத்துக்கு அடியில் நிழல் இருந்தது, அத்தை ஊற்றுத் தோண்டிக் குடம் நிறைத்தாள், அழகர் ஆற்றில் இறங்கும்போது நான் அப்பா தோள்மேல் இருந்தேன் என்று ஒவ்வொன்றாக வரும். இவற்றையெல்லாம் அவர்கள் சொன்ன சொல்லிலேயே கரும்பலகையின் ஒரு பக்கத்தில் எழுதிப் போடுங்கள். உங்கள் கைச்சரக்கு ஒன்றும் வேண்டாம்.

கரும்பலகை நிறைந்த பிறகே தலைச்சொல்லைத் தேட வேண்டும். தேடும்போது அதன் ஒவ்வோர் எழுத்தையும் வகுப்பே சோதிக்கட்டும். "வை வருமா?" "வரும்." "கை வருமா?" "வரும்." தங்கத்தை உரைகல்லில் உரசுவதுபோல் சொற்களை உரசிப் பார்க்கும் இந்தக் கால் மணி நேரத்தில், மொழிமுதல் எழுத்துகளைப் பற்றி இலக்கணப் புத்தகம் ஒரு வருஷம் சொல்லியும் ஏறாதது குழந்தைகளின் மனத்தில் தானாக ஏறிவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தொடக்கத்தில் இரண்டெழுத்துச் சொல் போதும். நதி, பூமி, விதை, ஆமை, ஊசி போன்றவை. மூன்றெழுத்தில் பொதிகை உண்டு, உதவி உண்டு, கோதுமை உண்டு. கவிதை என்ற சொல்லே சற்றும் இடறாமல் வருகிறது. பண்டிகை நாளுக்கு வேண்டுமானால் நான்கெழுத்தில் சிவகாசி இருக்கிறது. முதல் சில வாரங்கள் ஏறும் சொற்களையே கொடுங்கள். குழந்தைக்கு நீச்சல் பழக்குகிறவன் முதல் நாளே சுழியில் இறக்குவதில்லை.

அடுத்தபடியாகக் குழந்தைக்கு வரும் சங்கடம் ஒன்றுண்டு. கரும்பலகையில் திரட்டிய சொற்களில் வை என்றும் கை என்றும் தொடங்குபவை சிலவே. பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. உடனே குழந்தை அகராதியைப் புரட்டுவதுபோல் மனத்தைப் புரட்டி, பொருளுக்குச் சம்பந்தமற்ற ஏதோ ஒரு பெயர்ச்சொல்லைப் பிடித்து இழுத்து வரும். இந்த இடத்தில்தான் நம் பாஷையின் சுபாவம் நமக்குக் கைகொடுக்கிறது. வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொண்டு போவதால், தமிழ் வாக்கியத்தில் சொற்கள் இடம் மாறினாலும் பொருள் கெடுவதில்லை. "அண்ணன் கடையில் மிட்டாய் வாங்கினான்" என்ற ஒரே வாக்கியத்தை அகரத்திலும் தொடங்கலாம், ககரத்திலும் தொடங்கலாம், மிகரத்திலும் வாவிலும் தொடங்கலாம். நான்கு தலைகள் உள்ள வாக்கியம் அது! இந்தப் பயிற்சியை மாத்திரம் ஒரு நாள் தனியே செய்துவிடுங்கள்; ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, சொற்களை மாற்றிப் போட்டு, எத்தனை தலை தேறுகிறது என்று எண்ணச் செய்யுங்கள். வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே செய்வார்கள். அதன்பின் எழுத்துக்காகப் பொருளை மாற்றும் நிர்ப்பந்தம் அவர்களுக்கு இராது.

அப்படி நடந்த ஒரு வைகை வகுப்பில் தேறிவந்த பாட்டு இது:

வைகாசி வெயிலில் மணலாய்க் கிடந்து,
கையால் தோண்டினால் ஊற்றாய்ச் சிரிக்கும்.

இரண்டே அடி. முதல் அடியின் வாக்கியம் முடியாமல் இரண்டாம் அடிக்குள் இறங்குவதைக் கவனியுங்கள். அடிதோறும் ஒரு வாக்கியத்தை முடித்தே தீர வேண்டும் என்று யாரோ கட்டளையிட்டதுபோல் நம் குழந்தைகள் எழுதுகிறார்கள். அப்படி எழுதினால் அது பலசரக்குக் கடைச் சீட்டாகிவிடும். ஒரு மூச்சில் சொல்லக்கூடிய ஒரே வாக்கியத்தை எல்லா அடிகளிலும் ஓடவிட முடியுமா என்று பார்க்கச் சொல்லுங்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த ஒரு பையன் பொதிகையை இப்படிப் பாடினான்:

பொழுது விடியுமுன் விழித்த மலை
திரைபோல் மேகத்தை விலக்கிப் பார்த்து,
கைநீட்டி ஆற்றைக் கீழே இறக்கிவிடும்.

தாமிரபரணி அந்த மலையில் உற்பத்தியாகிறது என்று பூகோளப் பாடத்தில் அவன் படித்திருந்தான். குழந்தையைத் திண்ணையிலிருந்து இறக்கிவிடுவதுபோல் மலை ஆற்றை இறக்கிவிடுகிறது என்பது பூகோளப் பாடத்தில் இல்லை.

பலசரக்குச் சீட்டு என்றேன். அதன் மிகக் கொடிய வடிவம் குணங்களை அடுக்குவது. அம்மா என்று எழுதிக் கொடுத்தால், நூற்றுக்குத் தொண்ணூறு குழந்தைகள் அகரத்துக்கு அன்பு என்று எழுதுவார்கள். மாவுக்கு மாண்பு என்று எழுதுவார்கள். இடையில் உள்ள மகர ஒற்றை யாரும் பார்க்காதபோது நழுவ விட்டுவிடுவார்கள். இதில் அவர்களைக் குறை கூற எனக்கு மனமில்லை. அன்பு, பண்பு, அறிவு, மாண்பு என்ற சொற்களை நாம்தான் மேடைதோறும் வாரி இறைக்கிறோம். கீழே கிடப்பதைக் குழந்தை பொறுக்குகிறது. குணச்சொல் எழுதிய குழந்தையிடம், "அம்மாவிடம் அன்பு இருக்கிறது என்று உனக்கு எப்படித் தெரிந்தது? அவள் என்ன செய்தாள்?" என்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். அப்படிக் கேட்டபோது வந்த பாட்டைக் கேளுங்கள்:

அடுப்பு ஊதிய கண்ணோடு கதை கேட்பாள்,
உம் கொட்டுவாள் நான் சொல்லி முடிக்கும்வரை,
மாடத்து விளக்குக்குத் திரி இட்டபடியே.

மகர ஒற்றுக்கு ஔவையின் உபாயம் எவ்வளவு இயல்பாகப் பொருந்திவிட்டது, பாருங்கள்! கதை கேட்கிறவர் உம் கொட்டுவதில் அந்த எழுத்து தானே வந்து உட்கார்ந்திருக்கிறது. ஏறாத எழுத்துகளை ஏற்றிவிடும் இந்தப் பயிற்சியை நான்காம் வகுப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். மழை என்ற சொல்லைக் கொடுத்து, ழை இரண்டாவதாக வரும் சொற்களைக் கேளுங்கள். தழை, உழை, இழை என்று தேடித் தருவார்கள். பிறகு பாட்டு வரும்:

மண்வாசம் முன்னே ஓடி வந்து சொல்லும்;
இழை இழையாய்ப் பின்னால் வானம் இறங்கும்.

முன்பு கைவிட்ட தமிழையும் இப்போது திரும்ப அழைத்துக்கொள்ளலாம்:

தட்டுத் தடுமாறித் தம்பி பேசும்;
மிட்டாய்போல் என் நாவில் கரையும்;
ஆழ்ந்த உறக்கத்தில் அம்மா என வரும்.

ஏறாத எழுத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. ண, ன, ர, ல, ழ, ள ஆகியவை தலையில் நிற்க உரிமையற்றவை ஆயினும் சொல்லின் கடைசியில் புள்ளியோடு தாராளமாக நிற்கும். ஆகவே ஐந்தாம் வகுப்பில் கெட்டிக்காரக் குழந்தைகள் இருந்தால், ஒளித்து வைக்கும் சொல்லை அடிகளின் கடைசி எழுத்துகளில் வரவழைக்கச் சொல்லலாம். ஆனால் எல்லோருக்கும் இதைக் கட்டாயமாக்கினால் விளையாட்டு தண்டனையாகிவிடும்.

ரயில், ரொட்டி, லட்டு, லாரி என்று நாள் முழுவதும் ரகர லகரங்களில் தொடங்கும் சொற்களைக் குழந்தைகள் வழங்குகிறார்களே, அவற்றை ஒப்புக்கொள்ளலாமா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். இரயில் என்று இகரம் சேர்த்து எழுதுவதே முறை என்று போதிக்கும் பண்டிதர்களிடம் எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆயினும் சகரம் அகரத்தோடு கூடி மொழிக்கு முதலில் வராது என்று தொல்காப்பியனார் விதித்திருக்க, நன்னூல் எழுதிய பவணந்தியார் அதை வரும் என்று ஒப்புக்கொண்டார். இல்லையேல் சட்டியும் சமையலும் நம் வீட்டு அடுக்களைக்குள் நுழைந்திரா. வழக்கு மாறினால் இலக்கணமும் இடம் கொடுத்திருக்கிறது. எட்டு வயதுக் குழந்தை ரயிலைப் பற்றி நல்லதோர் அடி எழுதினால் நான் இகரத்துக்காக அந்த ரயிலை நிறுத்தமாட்டேன்.

திருத்தும் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் படி சிலேட்டில்தான் இருக்க வேண்டும். நோட்டுப் புத்தகத்தில் எழுதினால் அழிப்பதற்குக் கை வராது. சிலேட்டின் இடப்பக்கத்தில் ஒரு கோடு கிழித்து, தலையெழுத்துகளைக் கோட்டுக்கு அப்பால் நிறுத்தி, வரிகளைக் கோட்டுக்கு இப்பால் எழுதச் சொல்வது என் வழக்கம். எழுதி முடித்ததும் குழந்தை தன் இடக்கையால் தலையெழுத்துகளை மூடிக்கொண்டு பாட்டை உரக்கப் படிக்க வேண்டும். தலையெழுத்து தெரியாமலேயே கேட்கிறவர்களுக்கு ஒரு காட்சி தோன்றினால் பாட்டு தேறியது; தலையெழுத்தைக் காட்டினால்தான் இது எதைப் பற்றியது என்று விளங்குமானால், குழந்தை இன்னும் பாடவில்லை, கட்டங்களை நிரப்பியிருக்கிறது. இரண்டாவதாக, காதால் திருத்தும் வேலை. முதற்சொல்லோடு மோனையாக இன்னொரு சொல் அதே அடியில் வருமா என்று தேடச் சொல்லுங்கள். சகரத்துக்குத் தகரமும், மகரத்துக்கு வகரமும், ஞகரத்துக்கு நகரமும் மோனைக்கு உறவு என்று சொல்லிவிட்டால், குழந்தைகள் அந்த உறவுமுறையை அத்தை மாமன் உறவுபோல் வெகு சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். வந்தால் சந்தோஷம், வராவிட்டால் வற்புறுத்த வேண்டாம். சிவப்பு மையைப் பற்றி ஒரே வார்த்தை: எழுத்துப் பிழையைத் திருத்துங்கள், சொல்லைத் திருத்தாதீர்கள். "உம் கொட்டுவாள்" என்று குழந்தை எழுதியதை "செவிமடுப்பாள்" என்று மாற்றிய உபாத்தியாயர் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் மாற்றிய அந்தக் கணத்தில் மகர ஒற்றும் போயிற்று, அம்மாவும் போய்விட்டாள்.

இவற்றுக்கு மதிப்பெண் போடலாமா என்றால், வேண்டாம் என்பேன். இன்ஸ்பெக்டர் கேட்டால், எழுத்துப் பயிற்சி என்று குறித்துக் காட்டலாம். அது பொய்யும் ஆகாது.

இனி வள்ளியின் சிலேட்டுக்கு வருகிறேன். அன்று அந்த வகுப்பில் அவளுக்கு நான் ஒரே ஒரு யோசனைதான் சொன்னேன். "உன் பெயரின் இரண்டாம் எழுத்தும் மூன்றாம் எழுத்தும் தனியே நடக்கப் பயப்படுகின்றன, அவற்றுக்கு முன்னால் ஓர் உயிரெழுத்தைக் கைபிடித்து நடத்திப் போகச் சொல்," என்றேன். பாட்டி அப்படிச் செய்திருக்கிறாளே என்று ஆத்திசூடியையும் ஞாபகப்படுத்தினேன். அவள் உதட்டை அசைத்துப் பாடத்தை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்; இடையில் ஓரிடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு சிலேட்டை நெஞ்சோடு சாய்த்து மறைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். மணி அடிக்கும் சமயத்தில் கொண்டுவந்து காட்டினாள்:

வழியில் கிடந்த கல்லொன்று எடுத்தேன்;
உள்ளே என்னவோ இருக்குது என்றேன்;
ஒளித்து வைத்தேன், அண்ணன் கண்படாமல்.

இரண்டாம் அடியில் ஒரு ளகர ஒற்று வேண்டியிருக்க, அவள் அதற்குமேல் ஒரு ளகரத்தையும் சேர்த்தே கொடுத்திருந்தாள். நான் பாட்டைப் பாராட்டிவிட்டு, "கல்லுக்குள் என்னதான் இருந்தது?" என்று கேட்டேன். "அது அடுத்த பாட்டிலே, ஐயா," என்று சொல்லிவிட்டுச் சிலேட்டைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே ஓடிவிட்டாள். மறுவாரம் கோடை விடுமுறை தொடங்கிற்று.